வெயிலுகந்த ஊரில் மூன்று கிலோவாட்

2024 ஜூன் கடைசியில் வந்த கரண்ட் பில் 910 யூனிட். இரண்டு மாதத்துக்கு ஆறாயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. வீட்டில் ஒரு ஏசி, ஒரு ஃபிரிட்ஜ், போர் மோட்டார், வாஷிங் மெஷின், ஐந்து ஃபேன். நான், மனைவி, மகள், அம்மா என்று நாலு பேர். ஆடம்பரமாக எதுவும் இல்லை. ஆனாலும் விருதுநகர்க் கோடையில் ராத்திரி ஏசி இல்லாமல் தூங்க முடிவதில்லை. அம்மனுக்கே வெயிலுகந்தம்மன் என்று பெயர் வைத்திருக்கும் ஊர் இது. இங்கே சோலார் போடாமல் வேறு எங்கே போடுவது என்று மனைவிதான் முதலில் பேச்செடுத்தாள்.

விலை கேட்டதும் ஒரு கம்பெனித் தம்பி வந்தார். மாடிக்கு ஏறிப் போய் டேப்பால் அளந்தார். ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்து, "அண்ணாச்சி, உங்க மாடிக்கு அஞ்சு கிலோவாட் தாராளமா நிக்கும். கரண்ட் பில்லையே மறந்துரலாம்" என்றார். 3,10,000 ரூபாய் சொன்னார். அவர் அளந்தது மாடியை. என் கரண்ட் கார்டை அவர் கேட்கவே இல்லை.

நான் பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறவன். பற்று எவ்வளவு என்று தெரியாமல் வரவு பேசுவது எனக்குப் பழக்கமில்லை. அன்று ராத்திரி ஒரு வருடத்துப் பில்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு நோட்டில் எழுதினேன். ஜனவரி-பிப்ரவரி 540. மார்ச்-ஏப்ரல் 860. மே-ஜூன் 910. ஜூலை-ஆகஸ்ட் 780. செப்டம்பர்-அக்டோபர் 720. நவம்பர்-டிசம்பர் 510. மொத்தம் 4,320 யூனிட். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் கூட இல்லை.

நம் பக்கத்தில் நிழல் விழாத மாடியில் ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரி நாலு யூனிட் தரும், வருடத்துக்கு ஆயிரத்து நானூறு என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து கிலோவாட் போட்டால் ஏழாயிரம் யூனிட். எனக்கு வேண்டியதோ 4,320. மிச்ச யூனிட் அடுத்த பில்லுக்குப் போகும் என்பது உண்மைதான். ஆனால் வருடம் முழுக்க மிச்சமாகவே இருந்தால் அது எங்கே போய்க் கழியும்? நாம் கரண்ட் வாங்குகிற விலைக்கு அதை யாரும் வாங்கிக்கொள்வதில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அதே நோட்டில் மறுநாள்தான் கண்ணில் பட்டது. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு ஒரே விலை கிடையாது. 2024 ஜூலைக் கட்டணத்தின்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக ஏறும். 400 யூனிட் வரை யூனிட்டுக்கு ஐந்து ரூபாய்க்குள், 500 வரை ஆறரைக்குள், 600 வரை எட்டரையை ஒட்டி, 800 வரை ஒன்பதரையை ஒட்டி, 1,000 வரை பத்தரையை ஒட்டி. போதாததற்கு, மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரைக்குக் கிடைக்கும் பாதி விலைச் சலுகையும் போய்விடும். 500 யூனிட்டுக்கும் 510 யூனிட்டுக்கும் பில்லில் உள்ள வித்தியாசம் அந்தப் பத்து யூனிட்டின் விலை மட்டும் இல்லை.

சோலார் வைத்து நெட் மீட்டர் மாட்டினால் நாம் கொடுத்த யூனிட்டை நாம் வாங்கிய யூனிட்டில் கழித்து மீதிக்குத்தான் பில் போடுவார்கள். அந்தக் கழிவு மேல்படியிலிருந்துதான் தொடங்கும். அதாவது பேனல் தரும் முதல் யூனிட் பத்தரை ரூபாய் யூனிட்டை அழிக்கிறது. போகப் போக அழிபடுகிற யூனிட்டின் விலை குறைகிறது. கடைசி நூறு யூனிட்டை அழித்து ஒரு பைசா லாபமில்லை, அது எப்படியும் இலவசம்.

சரி, இதை ரூபாயாக எழுதிப் பார்ப்போம் என்று ஒவ்வொரு பில்லாகப் போட்டேன். சோலார் இல்லாமல் வருடத்துக்கு எனக்கு ஏறக்குறைய 24,500 ரூபாய் ஆகிறது. ஒரு கிலோவாட் போட்டால் அதில் 13,300 மிச்சம். இரண்டாவது கிலோவாட் போட்டால் மேலும் 8,500. மூன்றாவதுக்கு 2,700. நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் ஒன்றுமே இல்லை. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். அதே வெயில், அதே பேனல், ஆனால் முதல் கிலோவாட் சம்பாதிப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான் மூன்றாவது சம்பாதிக்கிறது. (சோலார் இணைப்புக்கென்று மின்வாரியம் வாங்கும் சிறு கட்டணங்களை இதில் சேர்க்கவில்லை. அதை உங்கள் பிரிவு அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.)

இதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாடி எவ்வளவு பெரியது என்பது கடைசிக் கேள்வி. உங்கள் பில் எந்தப் படியில் நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

அடுத்து மானியம். பிரதமரின் சூர்யா கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. ஆக மூன்று கிலோவாட்டுக்கு 78,000. அதற்கு மேல் எத்தனை போட்டாலும் அதே 78,000தான். பணம் மத்திய அரசிடமிருந்து நம் வங்கிக் கணக்குக்கே வரும். ஆனால் பேனல் மாட்டி, மீட்டர் வைத்து, எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகுதான் வரும். முழுத் தொகையையும் முதலில் நாம் புரட்டியாக வேண்டும். சில பேர் மானியம் போன விலையைத்தான் பெரிய எழுத்தில் சொல்வார்கள். அதை நம்பிக் கையில் அவ்வளவுதான் வைத்திருந்தால் சிக்கல். மானியம் வேண்டுமென்றால் பேனலும் அதன் உள்ளே இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்தவையாக இருக்க வேண்டும். டி.சி.ஆர். பேனல் என்பார்கள், விலை கொஞ்சம் கூட. விலைப்பட்டியலில் அந்த மூன்று எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று இடத்தில் விலை வாங்கினேன். நடுவில் இருந்தவரின் விலை இது. வரி, ஸ்டாண்ட், எர்த்து எல்லாம் சேர்த்து இரண்டு கிலோவாட் 1,45,000. மூன்று கிலோவாட் 1,95,000. மானியம் போக இரண்டு கிலோவாட் 85,000, மூன்று கிலோவாட் 1,17,000, முதலில் வந்த தம்பி சொன்ன ஐந்து கிலோவாட் 2,32,000. போட்ட பணம் திரும்பி வர இரண்டு கிலோவாட்டுக்கு நாலு வருடம், மூன்றுக்கு ஐந்து வருடத்துக்குள், ஐந்துக்கு ஒன்பதரை வருடம். (நாங்கள் வாங்கியபோது சோலார் சாமான்களுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம் ஆகிவிட்டது. இப்போது வாங்குகிறவர்கள் பழைய விலைப்பட்டியலை வைத்துப் பேசாதீர்கள்.)

கணக்குப்படி இரண்டு கிலோவாட்தான் சரி. மூன்றாவது கிலோவாட்டுக்கு மானியம் போக 32,000 கூடுதல் கொடுத்து, வருடம் 2,700 எடுக்கப் பன்னிரண்டு வருடம் ஆகும். அப்படித்தான் முடிவு செய்து வைத்திருந்தேன். மனைவி நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னங்க, அத்தை ரூமுக்கு வர்ற சித்திரைக்குள்ள ஏசி போடணும்னு நாமதானே பேசினோம்? அது இந்தக் கணக்குல எங்க இருக்கு?" என்று கேட்டாள். இல்லைதான். போன வருடத்துப் பில்லை மட்டும் வைத்து நான் போட்டிருந்தேன். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. போன கோடையில் வேர்க்குருவோடு அவள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். புது ஏசிக்கு வருடத்துக்கு நானூறு, ஐந்நூறு யூனிட் சேர்த்துப் போட்டதும் மூன்றாவது கிலோவாட்டின் சம்பாத்தியம் கூடியது. மூன்று என்று முடிவானது. கடந்த வருடம் எவ்வளவு செலவானது என்பதோடு அடுத்த இரண்டு வருடத்தில் வீட்டுக்குள் என்ன வரப்போகிறது என்பதையும் உட்கார்ந்து பேசிவிட்டு அளவைச் சொல்லுங்கள். மின்சார ஸ்கூட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, கல்யாணமாகிப் போகும் பிள்ளை, திரும்பி வரும் பிள்ளை, எல்லாமே யூனிட்தான்.

பேனலுக்கு முன்னால் ஃபேனைப் பாருங்கள் என்றும் சொல்வேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்கிற புது வகை ஃபேன் 30 வாட்டுக்குள். மூன்று ஃபேன் தினமும் பதினைந்து மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு இரண்டு யூனிட் மிச்சம், பில்லுக்கு 120 யூனிட். மேல்படியில் இருக்கிற வீட்டுக்கு அது ஆயிரம் ரூபாய்க்கு மேல். மூன்று ஃபேனும் சேர்ந்து பத்தாயிரத்துக்குள்தான் ஆகும். நாங்கள் 2023-லேயே மாற்றிவிட்டோம். மாற்றாமல் இருந்திருந்தால் அந்த 120 யூனிட்டுக்கும் சேர்த்துப் பேனல் வாங்கியிருப்பேன்.

பக்கத்துத் தெருவில் தெரிந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். வீட்டில் ஏசி இல்லை. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட்தான். வருடத்துக்கு ஏழாயிரம் ரூபாய் பில் கட்டுகிறவர், மாடி சும்மா கிடக்கிறதே என்று ஐந்து கிலோவாட் போட்டுவிட்டார். மானியம் போக இரண்டே கால் லட்சத்துக்கு மேல். போட்ட பணம் திரும்ப முப்பது வருடத்துக்கு மேல் ஆகும். அவர் சேமிப்பு அது, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்தது. விலை சொன்னவர் அவருடைய பில்லை ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். 300, 400 யூனிட்டில் நிற்கிற வீட்டுக்காரர்கள் இப்போதைக்கு சோலார் போட வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். ஊர் எவ்வளவு வெயில் ஊராக இருந்தாலும் சரி.

இனி மாடி. 545 வாட் பேனல் ஆறு. ஒவ்வொன்றும் ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம். பேனல் மட்டும் 170 சதுர அடி. நடக்க, கழுவ இடம் விட்டால் முந்நூறு சதுர அடி. தென்திசை பார்த்துப் பத்து டிகிரி சாய்வு.

அம்மாவுக்கு இதில்தான் மனத்தாங்கல். மாசி, பங்குனியில் மாடி முழுக்க அவளுடையது. கூழ் வடகம், மோர் மிளகாய், சுண்டை வற்றல், பிறகு வருடத்துக்கு வேண்டிய மிளகாயும் மல்லியும். எட்டடி உயர ஸ்டாண்ட் போட்டால் கீழே தாராளமாக நடமாடலாம், 25,000 கூட ஆகும் என்று கம்பெனிக்காரர் சொன்னார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏய்யா, நிழல்ல எங்கயாச்சும் வடகம் காயுமா?" என்றாள். அவருக்குப் பதில் இல்லை. எனக்கும்தான். கடைசியில் மாடியின் தென்பாதி அம்மாவுக்கு, வடபாதி பேனலுக்கு என்று பிரித்தோம். உயர ஸ்டாண்ட் வேண்டாம் என்றாகி 25,000 மிச்சமானது. அதோடு, தெற்குக் கைப்பிடிச் சுவரின் நிழல் பேனலைத் தொடாமலும் போனது.

நிழலை நான் சாக்பீஸால் பிடித்தேன். கம்பெனிக்காரர்கள் செல்போனில் ஏதோ படம் காட்டினார்கள். எனக்குக் கண்ணால் பார்க்க வேண்டும். சூரியன் தெற்கே கடைசியாகச் சாய்வது மார்கழி முதல் வாரத்தில், டிசம்பர் 21-ஐ ஒட்டி. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கும், நண்பகலுக்கும், 3 மணிக்கும் மேலே போய் ஒவ்வொரு நிழலின் விளிம்பிலும் கோடு போட்டேன். மூன்றடிக் கைப்பிடிச் சுவரின் நிழல் நண்பகலில் இரண்டடி. காலை 9 மணிக்கு ஐந்தடியை ஒட்டி, வடமேற்காகச் சாய்ந்து. தண்ணீர் டேங்க்கின் நிழல்தான் பெரிது. பிற்பகலில் அது கம்பெனிக்காரர் குறித்திருந்த கடைசிப் பேனலில் பாதியை விழுங்கியது. மகள் பிறகு அந்தக் கோடுகளைச் சுற்றிப் பூ வரைந்து வைத்துவிட்டாள். வேலைக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள், ஆனால் வரிசையை ஐந்தடி கிழக்கே தள்ளிப் போட்டார்கள். ஆறு பேனலும் ஒரே மாலையாகக் கோத்திருப்பதால் ஒரு பேனலில் விழும் நிழல் மற்றதையும் இழுக்கும். அதனால் ஐந்தடிக்கு இவ்வளவு அக்கறை.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். நம் ஊருக்கு சூரியன் எப்போதும் தெற்கே இருப்பதில்லை. சித்திரை முதல் நாளை ஒட்டி விருதுநகரில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை வடக்கேதான் நிற்கும். வடகிழக்கில் பக்கத்து வீட்டு மாடிப்படி அறை எங்கள் மாடியைவிட எட்டடி உயரம். மார்கழியில் அதன் நிழல் எங்கள் பக்கமே வரவில்லை, அதனால் நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆனியில் காலை எட்டரை வரை இரண்டு பேனல்மேல் படுத்திருந்தது. காலை நேரம் என்பதால் இழப்பு கொஞ்சம்தான். இருந்தாலும் சாக்பீஸ் வேலையை மார்கழியில் ஒருமுறை, ஆனியில் ஒருமுறை செய்யுங்கள். ஆறு மாதம் காத்திருக்க முடியாது என்றால் வடக்குப் பக்கம் உயரமாக என்ன இருக்கிறது என்றாவது பார்த்துவிடுங்கள்.

2025 மாசியில் மாட்டினார்கள். தளத்தில் துளை போட விடவில்லை, கான்கிரீட் பீடம் கட்டி அதில் போல்ட் போட்டார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், இது அம்மியைவிட விரிந்த சாமான், அதனால் பீடத்தின் எடையில் கஞ்சம் பார்க்கவில்லை. பேனலுக்கு ஒன்று, பேனல் தரும் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டருக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என்று மூன்று எர்த்துக் குழி. வங்கிக் கடன் ஏழு சதவீத வட்டியை ஒட்டிக் கிடைத்தது, கொஞ்சம் கையிருப்பும் போட்டோம். பழைய வீடுகளில் கார்டில் இருக்கும் லோடு, அதாவது வாரியம் அனுமதித்திருக்கும் அளவு, ஒரு கிலோவாட், இரண்டு கிலோவாட் என்றுதான் இருக்கும், விண்ணப்பிக்கும்போது அதையும் சேர்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். இந்தக் காகித வேலைகள் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது ஒயர் பற்றி. மீட்டர் மாட்டி இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம் செல்போனில் அன்று கரண்ட் எவ்வளவு வருகிறது என்று காட்டும் கோட்டைப் பார்த்தேன். காலையிலிருந்து அழகாக மலைபோல் ஏறி வந்த கோடு 11 மணிக்கு மேல் சீப்புப் பல் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வெயில் மேகமே இல்லாமல் அடிக்கிறது. இன்வெர்ட்டர் அருகே போய் நின்றேன். டக் என்று ஒரு சத்தம், பச்சை விளக்கு சிவப்பானது. திரையில் வோல்டேஜ் அதிகம் என்று வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி பச்சை. மறுபடி டக். எண்ணிக்கொண்டே நின்றேன், அரை மணி நேரத்தில் ஏழு தடவை.

மாட்டிய கம்பெனிக்காரர், லைனில் வோல்டேஜ் அதிகம், நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார். தெரிந்த எலெக்ட்ரீஷியன் தம்பி ஒருவர் வோல்டேஜ் அளக்கும் மீட்டரோடு வந்தார். வாரிய மீட்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், 248 வோல்ட். மாடியில் இன்வெர்ட்டர் முனையில் வைத்தார், 253. இன்வெர்ட்டர் 253-ஐத் தாண்டினால் தானாக நிற்க வேண்டும் என்பது விதி, 230-க்கு மேல் பத்து சதவீதம். லைனில் இருப்பது 248-தான். அப்படியானால் நடுவில் இந்த ஐந்து வோல்ட் எங்கிருந்து வந்தது? மாடியிலிருந்து வீட்டைச் சுற்றி வாசல் மீட்டருக்கு நூறடி ஒயர். அதை இரண்டரை எம்.எம். ஒயரில் இழுத்திருந்தார்கள். பன்னிரண்டு ஆம்பியர் அந்த ஒல்லி ஒயரில் போய்த் திரும்புவதற்குள் ஐந்து வோல்ட் தள்ள வேண்டியிருக்கிறது. மின்சாரம் வீட்டுக்குள் வரும்போது ஒயர் ஒல்லியாக இருந்தால் வோல்டேஜ் குறையும். நாம் வெளியே தள்ளும்போது இன்வெர்ட்டர் முனையில் கூடும். இதை அந்தத் தம்பி ஒரு கார்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினார், அந்தக் கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஆறு எம்.எம். செம்பு ஒயர் இழுத்தோம். ஐயாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது, கம்பெனிக்காரர் பாதி ஏற்றுக்கொண்டார். மறுநாளிலிருந்து மத்தியானச் சீப்புப் பல் இல்லை. தினமும் இரண்டு, மூன்று யூனிட் போய்க்கொண்டிருந்திருக்கிறது. செல்போனில் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. விலைப்பட்டியல் வாங்கும்போது பேனல் கம்பெனி பெயரைக் கேட்கிற அளவுக்கு ஒயரின் எம்.எம்., நீளம் இரண்டையும் கேட்டு எழுதி வாங்குங்கள். இன்வெர்ட்டரை மீட்டருக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள், நேர் வெயில் படாத சுவரில்.

வெயில் கூடக்கூடக் கரண்டும் கூடும் என்று நானும் நினைத்திருந்தேன். பிப்ரவரி மத்தியானம் 2,800 வாட் வரை பார்த்தேன். மே மாத அக்கினி நட்சத்திரத்தில் அதே மத்தியானம் 2,450-க்கு மேல் ஏறவில்லை. பேனலின் பின்பக்கத்தில் வெப்பமானி வைத்துப் பார்த்தால் 64 டிகிரி. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம்தான், சூடு அதற்குப் பகை. 25 டிகிரிக்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு சதவீதத்தில் மூன்றிலொரு பங்கு அளவுக்குக் குறையும். நாற்பது டிகிரி ஏறினால் நூற்றில் பதிமூன்று போய்விடும். அதனால் பேனலைத் தளத்தோடு ஒட்டிப் போடாமல் ஒன்றரை அடியாவது தூக்கி வைத்துக் காற்று ஓட விடுங்கள். எங்களுக்கு ஒரே நாளில் அதிகம் வந்தது மாசியில், 16.4 யூனிட். கம்மி ஐப்பசி அடைமழையில், 2.8. சித்திரை தொடங்கிப் பங்குனி முடிய ஒரு வருடத்துக்கு மொத்தம் 4,410 யூனிட். நான் நோட்டில் எழுதியிருந்த 4,580-ஐவிடக் கொஞ்சம் கம்மி, தூசியும் முதல் மாதக் கோளாறும் அதில் இருக்கிறது. அம்மாவின் ஏசியோடு வருடச் செலவு 4,700 யூனிட் ஆகியிருந்தது. வித்தியாசம் 290. பில் 100 யூனிட்டைத் தாண்டியது இரண்டே முறை.

கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பராமரிப்புக்காக ஒரு நாள் காலை 9 மணிக்கு நிறுத்தினார்கள். "மேல இவ்வளவு வெயில் அடிக்குது, கரண்ட் எங்கய்யா?" என்று அம்மா கேட்டாள். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் கையில் நம் வீட்டுக் கரண்ட் போய்விடக் கூடாது என்பதற்காகத் தானாக நிற்கும்படி செய்திருக்கிறார்கள் என்றேன். "அப்போ நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பேட்டரியோடு போடலாம். எங்களுக்குச் சொன்ன விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. பழைய இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கிறது, இரண்டு ஃபேனும் விளக்கும் அதில் ஓடுகின்றன, அது போதும் என்று விட்டுவிட்டோம்.

கழுவுவதில் ஒரு எச்சரிக்கை. எங்கள் போர் தண்ணீர் உப்பு. முதல் தடவை அதிலேயே கழுவிக் காயவிட்டேன், மறுநாள் கண்ணாடி முழுக்க வெள்ளைப் படலம். இப்போது குடிநீர்க் குழாய்த் தண்ணீரில் இரண்டு வாளி, மெல்லிய துணி மாப், பதினைந்து நாளுக்கு ஒருமுறை, சூரியன் வருவதற்கு முன். சூடான கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. மழை இல்லாத மாசியில் ஒருமுறை முன்னும் பின்னும் குறித்தேன். தூசியோடு 14.2 யூனிட், கழுவிய மறுநாள் அதே மாதிரி வெயிலில் 15.3. மயில் வந்து உட்கார்ந்து எச்சமிடும் இடத்தை மட்டும் தினமும் பார்க்கிறேன், ஒரு கட்டி எச்சம் காய்ந்தால் அந்த இடம் நிழல் மாதிரிதான்.

பேனலுக்கு உற்பத்தி உத்தரவாதம் 25 வருடம் என்கிறார்கள். மாட்டியவர் ஐந்து வருடம் பராமரிக்க வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனை, ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். ஆனால் இன்வெர்ட்டர் அவ்வளவு நாள் வராது. பத்து வருடத்தை ஒட்டி ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும், இன்றைய விலையில் முப்பதாயிரம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். பணம் திரும்பும் கணக்கில் இதை யாரும் எழுதுவதில்லை. போன ஆடியிலிருந்து மாதம் 250 ரூபாய் அதற்கென்று தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் போட்டு வருகிறேன். பாஸ்புக் மேல் மகள் பென்சிலால் 'இன்வெர்ட்டர்' என்று எழுதி வைத்திருக்கிறாள்.